பேட்டையின் கதவு திறக்கட்டும்

சிறுதொழில் தொடங்கக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்பவரிடம் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. முதலீடு எவ்வளவு, இடம் சொந்தமா வாடகையா, பிணை என்ன, ஆண்டுக்கு எவ்வளவு விற்கும் என்று படிவம் நீள்கிறது. அந்தப் படிவத்தில் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு. 'மூன்று மாதம் வியாபாரம் படுத்துவிட்டால் உங்களுக்குக் கைகொடுக்க யார் இருக்கிறார்கள்?' என்பதே அது. முதலில்லாமல் வீழ்ந்த கடைகளைவிட, இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் வீழ்ந்த கடைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை கண்ட மண் அது. வணிகர்கள் தமக்குள் பணம் திரட்டி, விதி வகுத்து, கணக்கு எழுதி, ஒருவருக்கொருவர் துணை நின்ற ஏற்பாடு அங்கே வேர்விட்டது. பொருளியல் அறிஞர்கள் இன்று 'சமூக மூலதனம்' என்று எதை அழைக்கிறார்களோ, அதை அந்த ஊர்க்காரர்கள் 'மகமை' என்றார்கள். அந்த ஏற்பாட்டின் பலன் ஒரு சாராருக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்றுவரை அதற்கு இணையான ஒன்று அமையவில்லை. அதை எப்படி அமைப்பது என்பதே இக்கட்டுரையின் கவலை.

மழை பொய்த்தால் எல்லோருக்கும் பொய்க்கும்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அருப்புக்கோட்டையைச் சுற்றிக் கரிசல் மண். பருத்தி, சிறுதானியம், மல்லி, மிளகாய் விளையும் மானாவாரி நிலம். கிழக்கே திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. கண்மாய் நிறைந்தால் விளைச்சல்; இல்லையேல் சீமைக்கருவேலம்தான். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் ஏராளம். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்று திருச்சுழியை உலகம் அறியும். வானம் பார்த்த பூமி என்று அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

இத்தகைய நிலத்தில் அண்டை வீட்டாரின் உதவிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வீட்டில் நோய் வந்தால் பக்கத்து வீடு உதவும். ஒருவரின் மாடு செத்தால் மற்றவர் மாடு கொடுப்பார். ஆனால், மழை பொய்த்தால் அது எல்லோருக்கும் ஒரே நாளில் பொய்க்கிறது. அப்போது கொடுக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ராபர்ட் டவுன்சென்ட், தென்னிந்தியாவின் வறண்ட பகுதிக் கிராமங்கள் மூன்றின் குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் காட்டியது. தனியொரு குடும்பத்துக்கு நேரும் இழப்பை ஊர் பெருமளவு பகிர்ந்துகொள்கிறது. ஊருக்கே நேரும் இழப்பைப் பகிர்ந்துகொள்ள ஊரால் முடிவதில்லை.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த 1876-78 பெரும் பஞ்சம் தென் மாவட்டங்களுக்குக் கற்பித்த பாடமும் இதுவே. ஆகவே, வறண்ட நிலத்தில் தொழில் செய்பவருக்குத் துணையாக இருக்கவேண்டிய வலைப்பின்னல், அந்த நிலத்தைத் தாண்டி நீளவேண்டும். தம்மோடு சேர்ந்து நனையாதவர், தம்மோடு சேர்ந்து காயாதவர் சிலரேனும் அதில் இருக்கவேண்டும். கரிசல் காட்டு வணிகர்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பாதையில் நடந்து கற்றார்கள்.

ஆறு ஊர்களும் ஒரு சாலையும்

பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிந்தபின், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுப் பகுதிகளிலிருந்து நாடார் வணிகர்கள் வடக்கே வரத் தொடங்கினர். கருப்பட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்து, பருத்தியும் புகையிலையும் தானியமும் வாங்கிச் சென்றனர். அன்றைய இராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் அவர்களின் வணிக மையங்களாயின. விருதுபட்டிதான் பின்னாளில் விருதுநகர் ஆனது. பாலையம்பட்டி இன்று அருப்புக்கோட்டையோடு ஒட்டிய ஊர்.

வழியில் கள்வர் பயம். தங்குவதற்கு இடமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் தர ஆளில்லை. எனவே வண்டிகள் இளைப்பாறும் தொலைவுகளில் மதிற்சுவர் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். உள்ளே கிணறு, சரக்கு வைக்கும் இடம், மாடு கட்டும் இடம், காவல். பேட்டையைப் பயன்படுத்தும் வணிகர் தம் சரக்குக்கு ஏற்பச் சிறு தொகை செலுத்தவேண்டும். அதுவே மகமை. காலப்போக்கில் வணிகர்கள் அந்த ஊர்களிலேயே குடியேறியபோது, வழிச்செலவுக்காகத் தோன்றிய மகமை ஊர்ப் பொதுநிதியாக வளர்ந்தது. அதை நிர்வகிக்கும் அமைப்பு உறவின்முறை எனப்பட்டது.

இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ். அவருடைய நூல் 1969-இல் வெளிவந்தது. அதைப் படிக்கும் எவரும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இந்த வலைப்பின்னல் வசதியிலிருந்து பிறக்கவில்லை. மற்றக் கதவுகள் அடைபட்டதால் பிறந்தது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே உள்ள கமுதியில் 1897-இல் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையே, 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. வெளியே இத்தனை பகை இருந்த காலத்தில், உள்ளே இருந்த கட்டுக்கோப்புதான் அவர்களின் காப்பீடு.

மகமை ஏன் நிலைத்தது?

தமிழ்நாட்டில் சங்கங்கள் தோன்றுவது அரிதன்று, நிலைப்பதுதான் அரிது. மகமை தலைமுறைகளைத் தாண்டி நிலைத்ததற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பங்களிப்பின் அளவுகோல். மகமை ஒருவரின் வணிகத்தின் அளவைப் பொறுத்து வசூலிக்கப்பட்டது. அதிகம் விற்றவர் அதிகம் கொடுத்தார். வியாபாரம் மந்தமானவர் குறைவாகக் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே சந்தா என்று வைத்திருந்தால், ஏழை வணிகர் முதல் ஆண்டிலேயே விலகியிருப்பார். வணிகத்தின் போக்கோடு ஏறி இறங்கும் சந்தா, கெட்ட காலத்தில் உறுப்பினரை வெளியே தள்ளுவதில்லை.

இரண்டாவது, பொறுப்பின் சுழற்சி. உறவின்முறையின் நிர்வாகிகள் முறைகாரர்கள் எனப்பட்டனர். முறை வைத்துப் பொறுப்பேற்பதால் வந்த பெயர் அது. இன்று வசூலிப்பவர் நாளை கொடுப்பவர். பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்கும்போது, நிதி ஒருவரின் தனிச்சொத்தாக மாறுவது கடினம். நம்மூர்ச் சங்கங்கள் பலவற்றில் ஒரே தலைவர் கால் நூற்றாண்டு நீடிப்பதையும், அவருக்குப் பின் சங்கமே மறைவதையும் காண்கிறோம்.

மூன்றாவது, கணக்கும் தண்டனையும். கொடுக்காதவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வாக்குத் தவறியவர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார், அபராதம் கட்டினார். ஊரில் நம்பிக்கை என்பது வெறும் நல்லெண்ணம் இல்லை. ஏமாற்றினால் இழப்பு உண்டு என்ற தெளிவிலிருந்து அது பிறக்கிறது. பொதுவளங்களை மக்கள் தாமே காப்பது எப்படி என்று உலகம் முழுதும் ஆராய்ந்து, 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோமும் இதே முடிவுக்கு வந்தார். தெளிவான எல்லை, உறுப்பினரே வகுத்த விதி, உறுப்பினரே செய்யும் கண்காணிப்பு, படிப்படியான தண்டனை ஆகியவை உள்ள அமைப்புகள் நிலைக்கின்றன.

நான்காவது, கண்ணுக்குத் தெரிந்த பொதுச்சொத்து. மகமைப் பணம் கிணறாக, மண்டபமாக, பள்ளிக்கூடமாக மாறியது. விருதுநகரில் 1889-இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலையும், வீடுதோறும் பிடியரிசி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த வழக்கமும் அந்த ஊர் வரலாற்றில் பலரும் அறிந்த செய்திகள். காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர். தன் பணம் எங்கே போனது என்று கேட்பவருக்கு விரல் நீட்டிக் காட்ட ஒரு கட்டடம் இருந்தது.

வெளியே நீண்ட கைகள்

இவை மட்டுமே என்றால் மகமை ஊர்க்கட்டுப்பாடாகவே முடிந்திருக்கும். அதை வளர்ச்சிக்கு வழியாக்கியது, வெளியே நீண்ட தொடர்பு. தஞ்சை மாவட்டத்துப் பொறையாறைச் சேர்ந்த ரத்தினசாமி நாடாரின் முயற்சியில் 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியபோது, ஊர்தோறும் தனித்திருந்த உறவின்முறைகளுக்குப் பொது மேடை கிடைத்தது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி பிறந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். சிவகாசியின் தொழில் வரலாறு அந்தப் பயணத்திலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. வேலை தேடுவோருக்குப் புதிய வாய்ப்பைத் தெரிவிப்பவர்கள் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களே என்று அவர் கண்டார். காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்தினருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். தொலைவில் இருப்பவரே தெரியாததைச் சொல்வார். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு அருப்புக்கோட்டையை மட்டும் அறிந்தவர் தீப்பெட்டி செய்யக் கற்றிருக்க முடியாது. வணிகருக்கு நெருங்கிய வட்டம் தாங்குவதற்கு வேண்டும். தூரத்து அறிமுகம் வளர்வதற்கு வேண்டும்.

நாடார் வங்கியின் பின்வரலாறும் கருதத்தக்கது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 2022-இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. இன்று எவரும் அதில் கணக்கு வைக்கலாம், பங்கு வாங்கலாம். ஒரு சமூகத்துக்காகத் தோன்றிய நிறுவனம் கதவைத் திறந்ததால் தேய்ந்துவிடவில்லை. அருப்புக்கோட்டையின் சைவ பானு சத்திரிய கல்லூரியும், தேவாங்கர் கலைக் கல்லூரியும் அப்படியே. நிறுவியவர்கள் ஒரு சமூகத்தினர்; அங்கே படித்து வெளியேறியவர்கள் எல்லாச் சமூகத்தினரும்.

மதிலின் மறுபக்கம்

பேட்டைக்கு மதில் உண்டு என்றேன். மதில் உள்ளிருப்பவரைக் காக்கும், வெளியிலிருப்பவரைத் தடுக்கும். சமூக மூலதனத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நம்மூர்ச் சான்று. உள்ளூர்க் கொங்கு வேளாளக் கவுண்டர் தொழில்முனைவோருக்குத் தம் சமூகத்துக்குள்ளேயே எளிதில் பணம் கிடைத்தது. அதனால் அவர்கள் பெரிய முதலீட்டோடு தொழில் தொடங்கினர். வெளியிலிருந்து வந்தவர்கள் சிறிய முதலீட்டோடு தொடங்கினர். ஆனால், வெளியாரின் உற்பத்தி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உள்ளூராரை முந்தியது. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, அறிமுகத்தைத் தேடிப் போயிற்று என்பதே இதன் பொருள். இதனால் இழப்பு வெளியாருக்கு மட்டும் அன்று. தகுதியான இடத்தில் முதலீடு சேராததால், தொழில் நகரமே ஓரளவு வளர்ச்சியை இழக்கிறது.

பழைய உறவின்முறையில் குடும்பத் தலைவரே உறுப்பினர். கடையில் பாதி வேலையைச் செய்த பெண்ணுக்குக் கூட்டத்தில் இடமில்லை. கட்டுப்பாடு என்ற பெயரில் மாற்றுக்கருத்து உடையவரை ஒதுக்கிவைக்கவும் இத்தகைய அமைப்புகளால் முடியும். ஒரே தொழில் செய்வோர் கூடினால் பேச்சு விலையை உயர்த்தும் சூழ்ச்சியில் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எச்சரித்தார். இவற்றை மறந்து பழைமையை அப்படியே மீட்க நினைப்பது தவறு. மகமையின் விதிகளை எடுத்துக்கொண்டு, அதன் மதிலை விட்டுவிடுவதுதான் நம் முன் உள்ள வேலை.

தனித்து நிற்பவர்கள்

இன்று இந்த வட்டாரத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோர் யார்? நெசவுக்கூலியாக இருந்து கடனில் சில விசைத்தறி வாங்கியவர். பூக்கமிஷன் கடையில் வேலை பார்த்துத் தானே மல்லிகை வாங்கி விற்கத் தொடங்கியவர். கரிமூட்டம் போட்டுத் தொலைதூரத் தரகருக்கு லாரியில் அனுப்புபவர். வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண். பட்டியல் சாதிக் குடும்பத்தில் முதல்முறையாகக் கடை வைத்த பட்டதாரி. இவர்களுக்கு முன்னோர் கட்டிவைத்த பேட்டை இல்லை.

என் பழைய மாணவர் ஒருவர் ஆறு விசைத்தறி வைத்திருக்கிறார். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து அவருக்கு ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. சட்டத்தில் வழி இருக்கிறதே என்று கேட்டேன். "புகார் கொடுத்தால் இந்தப் பணம் வந்துவிடும் சார், அடுத்த ஆர்டர் யார் கொடுப்பார்?" என்றார். அவருக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. தனியாக நின்று சட்டத்தைப் பயன்படுத்தும் துணிவுக்கு அவரால் விலை கொடுக்க முடியாது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் அறிவது நல்லது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, குறு, சிறு தொழில் நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டுத் தரவேண்டும். முறையிடுவதற்கென 2017-இல் 'சமாதான்' இணையதளம் தொடங்கப்பட்டது. வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் தரப்படும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும்.

இத்தனை இருந்தும் சட்டம் ஏட்டில் கிடப்பதற்குக் காரணம், முறையிடவேண்டியவர் தனிமனிதர் என்பதே. ஐம்பது தறிக்காரர்கள் சேர்ந்து, '45 நாள் தாண்டினால் எங்கள் உறுப்பினர் முறையிடுவார். அவரை ஒதுக்கினால் மற்றவரும் உமக்குச் சரக்குத் தரமாட்டோம்' என்று சொல்லும் நிலை வந்தால், பெரும்பாலான வழக்குகள் இணையதளத்துக்கே போகவேண்டியிராது. பழைய முறைகாரரின் அழைப்புக்கு இருந்த வலிமை இதுதான்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 1989-இல் தருமபுரியில் அரசு முன்னெடுத்த முயற்சியும், 1992-இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பும் தமிழகத்துப் பெண்களுக்குச் செய்த நன்மை மிகப் பெரிது. கந்துவட்டியிலிருந்து மீண்ட குடும்பங்கள் எத்தனையோ. ஆனால், தொழில் என்று வரும்போது குழுவுக்கு ஒரு குறை உண்டு. ஒரே தெருவில், ஒரே நிலையில் உள்ளவர்களே அதில் இருக்கிறார்கள். நரிக்குடிப் பக்கம் தையல் தொழில் செய்யும் ஒரு பெண், "பன்னிரண்டு பேரும் ஒரே ஜாக்கெட்டைத்தான் தைக்கிறோம் சார், ஒரே கடையில்தான் போடுகிறோம்" என்று என்னிடம் சொன்னார். மழையைப் பற்றி முன்பு சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. அந்தக் கடை மூடினால் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் மூடுகிறது.

ஏலச்சீட்டு இன்னொரு வழக்கம். அவசரத்துக்குப் பணம் கிடைக்கும் என்பது உண்மை. ஆயினும், சீட்டு முடிந்த நாளில் உறவும் முடிகிறது. பொதுவாக எதுவும் எஞ்சுவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவுகிறது, பொறுப்பு பரவுவதில்லை. கடனும் செய்தியும் வேண்டியவைதான். இவற்றோடு சந்தைத் தொடர்பும், பேரம் பேசும் வலிமையும், கெட்ட காலத்துக் காப்பும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் துணை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

புதிய மகமைக்குச் சில விதிகள்

சிறுதொழில் செய்வோர் தாமே தொடங்கக்கூடிய ஏற்பாடு ஒன்றை இங்கே கோடிட்டுக் காட்டுகிறேன். இதற்குப் பெரிய மாநாடு வேண்டியதில்லை. இருபது பேர் போதும்.

அந்த இருபது பேரும் ஒரே தொழிலில் இருக்கவேண்டாம். தறிக்காரரோடு பூ வியாபாரி, உணவகக்காரர், தையல்காரர், லாரி வைத்திருப்பவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் சேரட்டும். தொழில்கள் வேறுபட்டால் மந்தமும் வேறுவேறு மாதத்தில் வரும். உறுப்பினர் தகுதி தொழில் செய்வது மட்டுமே. பிறப்பைக் கேட்கும் வரி விதியில் இருக்கக் கூடாது. நிர்வாகத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடவேண்டும். பின்னர்ச் சேர்ப்போம் என்று விட்டால் அது நடப்பதில்லை.

சந்தா விற்பனையைப் பொறுத்து இருக்கட்டும். ஆயிரம் ரூபாய் விற்றால் ஒரு ரூபாய் என்பது யாருக்கும் பாரமாகாது. மாதம் இரண்டு இலட்சம் விற்பவர் இருநூறு ரூபாய் தருவார். இருபதாயிரம் விற்பவர் இருபது ரூபாய் தருவார். விற்காத மாதத்தில் ஒன்றும் தரவேண்டியதில்லை. செயலரும் பொருளாளரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். வரவு செலவு எல்லோர் கண்ணிலும் படும்படி மாதந்தோறும் ஒட்டப்படவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத்தொகைத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே, திருப்பித் தருவதாகச் சொல்லி எவரிடமும் பணம் திரட்டக் கூடாது. பழைய மகமையும் திரும்பப் பெறும் சேமிப்பாக இருந்ததில்லை, கொடுத்தது கொடுத்ததே. அதுபோலச் சந்தாவாகவே பெற்று, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். உறுப்பினருக்குக் கடன் கொடுக்க விரும்பினால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன்கீழ் வரும் சிக்கன நாணயச் சங்கமே பொருத்தமான வடிவம்.

நிதியை எதற்குப் பயன்படுத்துவது? மூலப்பொருளைச் சேர்ந்து வாங்கலாம். இருபது பேர் சேர்ந்து நூல் வாங்கினால் விலை இறங்கும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் 'உத்யம்' பதிவு செய்து தரலாம். சரக்கு அனுப்பும் முன்பே அந்தப் பதிவு கையில் இருப்பது பணம் முடங்கும்போது பாதுகாப்பு. முறையீடு தயாரிக்க வழக்குரைஞருக்குக் கட்டணம் தரலாம். நோயில் விழுந்தவரின் கடையை மற்றவர் முறைவைத்துத் திறந்து நடத்தலாம். பணமில்லாமலேயே செய்யக்கூடிய பேருதவி அது. விலையைச் சேர்ந்து உயர்த்துவது மட்டும் கூடாது. அதைச் செய்யும் நாளில் சங்கம் ஊரின் பகையாகிவிடும்.

இவற்றோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு உறுப்பினரைச் சங்கச் செலவில் வெளியூருக்கு அனுப்பவேண்டும். திருப்பூரோ கரூரோ சூரத்தோ, தொழில் வளர்ந்த ஊரைப் பார்த்து வரட்டும். திரும்பியதும் கண்டதைக் கூட்டத்தில் சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. 1922-இல் கல்கத்தாவிலிருந்து திரும்பிய இருவர் ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றியதை மறக்கவேண்டாம்.

மற்றவர் செய்யக்கூடியவை

இதில் அரசுக்கும் பிறருக்கும் பங்குண்டு. மாவட்டத் தொழில் மையம் இன்று தனிநபரின் கடன் விண்ணப்பத்தை வாங்கி வங்கிக்கு அனுப்புகிறது. ஒரே ஆண்டில் மானியம் பெற்றவர்களை ஓரிடத்தில் கூட்டி, ஒருவரையொருவர் அறியச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மானியம் ஒருமுறை வரும். அறிமுகம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விருதுநகரை 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் அளக்கப்படுபவை கல்வி, நலவாழ்வு, வேளாண்மை போன்றவை. எத்தனை சிறுதொழில்கள் ஐந்தாம் ஆண்டைத் தாண்டின என்பதையும் மாவட்ட அளவில் கணக்கெடுத்தால் நன்று.

உள்ளூர்க் கல்லூரிகளின் வணிகவியல், பொருளியல் துறைகள் சங்கத்துக்கு ஒரு மாணவரை அனுப்பிக் கணக்கு எழுதித் தரச் சொல்லலாம். மாணவர் கற்பார், சங்கம் ஒழுங்கு பெறும். வகுப்பறையில் கற்பிக்கும் இருபக்கப் பதிவு முறைக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

நெடுங்கால அனுபவமுள்ள வணிகர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சந்தை நிலவரம், கடன் நம்பகம், போக்குவரத்து, வழக்கு நடத்தும் முறை என்று பல தலைமுறைகளில் சேர்ந்த அறிவு அவற்றிடம் இருக்கிறது. கல்விக்கூடங்களைத் திறந்ததுபோல் அந்த அறிவையும் திறந்துவிடட்டும். புதியவர் ஒருவர் வலுவாக வளர்ந்தால், அவரிடம் நூல் விற்பவருக்கும், அவருக்கு லாரி அனுப்புபவருக்கும், அவரிடம் வாங்கி விற்பவருக்கும் வியாபாரம் பெருகும். கதவு அடைபட்டதன் வலியை அறிந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்பதால், இந்த வேண்டுகோளுக்கு அவர்களிடம் செவி இருக்கும் என்று நம்புகிறேன்.

பேட்டைக்கு வந்தவரிடம் அன்று இரண்டு கேள்விகள் இருந்தன. நீ எந்தச் சமூகம் என்பது ஒன்று. எவ்வளவு விற்றாய் என்பது மற்றொன்று. பள்ளியையும் வங்கியையும் தொழிலையும் தந்த பணம் இரண்டாம் கேள்விக்கான விடையிலிருந்தே வந்தது. முதல் கேள்வியை இனிக் கேட்கவேண்டாம். இரண்டாவதை மட்டும் கேட்டு, வாசலில் நிற்கும் எல்லோரையும் உள்ளே அழைப்போம்.